ஃபிலடெல்ஃபியாவா, பிராடென்டனா? மகளுக்கு இரண்டு டி.ஓ. கல்லூரிகளில் இடம்: ஆலோசனை தேவை

மீனலோசனி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு இந்த ஆண்டு டி.ஓ. பட்டம் தரும் இரண்டு ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று, ஃபிலடெல்ஃபியா ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி. எல்லோரும் சுருக்கமாக ‘பீகாம்’ என்கிறார்கள். மதுரையில் என் மாமியாரிடம் சொன்னபோது, டாக்டருக்குப் படிக்கப் போகிற பெண்ணுக்கு எதற்கு பி.காம். என்று கேட்டார். மற்றொன்று, லீகாம் கல்லூரியின் ஃபுளோரிடா வளாகம். பிராடென்டன் என்ற ஊரில் இருக்கிறது. ரோவன்-வர்ச்சுவாவில் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறாள். அது எங்கள் மாநிலத்து அரசுக் கல்லூரி என்பதால் கிடைத்தால் கட்டணம் குறையும். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பிராடென்டனில் கட்டணம் ஆண்டுக்கு 20,000 டாலர் அளவில் குறைவு. ஃபிலடெல்ஃபியா எங்களுக்குப் பக்கம். 1899இல் தொடங்கிய பழைய கல்லூரி. மகள் குழந்தை மருத்துவம் என்கிறாள், சில நாள் மயக்கவியல் என்கிறாள். என் கணவருக்கு இரவெல்லாம் கணக்கு, எனக்கு இரவெல்லாம் கவலை. முன்பணம் கட்ட அதிக நாள் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சந்தேகசாமி எழுதியது:

வாழ்த்துகள் சகோதரி. ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டி.ஓ. என்றால் முதுகையும் கழுத்தையும் நீவிவிடுகிறவர்கள்தானே? லண்டனில் என் மைத்துனர் இடுப்பு வலிக்கு அப்படி ஒருவரிடம்தான் போகிறார். இவ்வளவு பணம் செலவழிப்பதற்கு ஓர் ஆண்டு காத்திருந்து, வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. தரும் கல்லூரிகளுக்கு மீண்டும் விண்ணப்பித்தால் என்ன?

பழைய டாக்டர் எழுதியது:

சந்தேகசாமி, உங்கள் மைத்துனர் பார்ப்பவர் வேறு, இந்தப் பெண் ஆகப்போவது வேறு. பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்பவர் மருத்துவர் அல்லர். அவர்களுக்குத் தனிப் பதிவுக் குழு உண்டு. அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் முழு மருத்துவப் பட்டம். 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவைச் சிகிச்சை செய்யலாம். நான் எம்.டி.தான், சென்னையில் படித்துவிட்டு வந்தவன். மிச்சிகனில் குழந்தை மருத்துவராகப் பணியாற்றிய காலம் முழுவதும் டி.ஓ.க்களோடு ஒரே வார்டில் நின்றிருக்கிறேன். அங்கே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.டி. கல்லூரியும் டி.ஓ. கல்லூரியும் அருகருகே இருக்கின்றன. இரவு 2 மணிக்கு மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் தாய், டாக்டரின் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து என்று பார்ப்பதில்லை.

கௌரவம்தான் கவலை என்றால் இதையும் கேளுங்கள். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதிக்கு மருத்துவராக இருந்த ஷான் கான்லி, அவருக்குப் பின் பைடனுக்கு மருத்துவராக இருந்த கெவின் ஓ’கானர், 2025இல் அந்தப் பொறுப்பேற்ற ஷான் பார்பபெல்லா, மூவருமே டி.ஓ.க்கள். கான்லி இந்த ஃபிலடெல்ஃபியா கல்லூரியில் படித்தவர்.

பழைய கசப்பு இல்லாமல் இல்லை. 1962இல் கலிஃபோர்னியாவில் 65 டாலர் கட்டிய டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டம் கொடுத்து, புதிய டி.ஓ.க்களுக்கு உரிமமே இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். 1974இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திறந்துவிட்டது. 65 டாலரில் தீர்ந்துவிடுகிற வேறுபாடு எவ்வளவு பெரிய வேறுபாடாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சந்தேகசாமி எழுதியது:

டாக்டர் ஐயா, ஜனாதிபதியின் டாக்டரே என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனாலும் மூளை அறுவை, தோல் நோய் போன்ற துறைகளில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அதுவும் பொய்யா?

கொள்ளிடக்கரை எழுதியது:

அது பொய் இல்லை. நான் டி.ஓ.; ஓஹையோவில் உள்மருத்துவ ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் பயிற்சி) மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன், அக்கா.

முன்பு டி.ஓ.க்களுக்கென்று தனி ரெசிடென்சிகள் இருந்தன. 2015இல் தொடங்கி 2020 ஜூனுக்குள் இரண்டையும் ஒரே அங்கீகாரத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். இப்போது ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் ஒரே ‘மேட்ச்’ வரிசையில் எல்லோரும் நிற்கிறோம். டி.ஓ. மாணவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதில் இடம் பெறுகிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் குடும்ப மருத்துவம், உள்மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவற்றுக்குப் போகிறார்கள். மயக்கவியலுக்கும் பலர் போகிறார்கள். நரம்பியல் அறுவை, தோல், பிளாஸ்டிக் சர்ஜரி ஆகியவற்றில் கதவு குறுகல்தான். உங்கள் மகள் சொல்லும் இரண்டு துறைகளுக்கும் இந்த இரண்டு கல்லூரிகளிலிருந்தும் வழி இருக்கிறது. ஆகவே, எதில் சேர்ந்தால் ரெசிடென்சி கிடைக்கும் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

தேர்வுகள் பற்றி: டி.ஓ. மாணவர்களுக்குக் காம்லெக்ஸ் கட்டாயம். போட்டி அதிகமுள்ள துறைக்கோ பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போக நினைப்பவர்கள் எம்.டி.க்காரர்களின் யு.எஸ்.எம்.எல்.ஈ.யையும் சேர்த்து எழுதுகிறார்கள். 2022 முதல் இரண்டிலும் முதல் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான். அதனால் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணும், மூன்றாம் ஆண்டில் மருத்துவமனைகளில் வாங்கும் பரிந்துரைக் கடிதங்களும்தான் இப்போது நம் பிழைப்பு.

மூன்றாம் ஆண்டு என்றேன் அல்லவா, அங்கேதான் விஷயமே இருக்கிறது. டி.ஓ. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. முதல் இரண்டு ஆண்டு வகுப்பு. அதன் பிறகு மருத்துவமனைச் சுழற்சிக்கு வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். சேர்க்கையின்போது கொடுத்த வண்ணப் புத்தகத்தில் பெரிய மருத்துவமனைகளின் படங்களாக இருந்தன. உள்மருத்துவச் சுழற்சிக்கு என்னை அனுப்பியதோ ஒரு தனி மருத்துவரின் கிளினிக்குக்கு. நல்ல மனிதர். ஆனால் நான் பார்த்ததெல்லாம் சர்க்கரை, ரத்த அழுத்தம், தடுப்பூசி. வார்டில் ரெசிடென்டுகளோடு சேர்ந்து நோயாளியை அனுமதிப்பது, காலையில் குழுவின் முன் நின்று நோயாளியைப் பற்றி எடுத்துரைப்பது, இரவுப் பணியை ஒப்படைப்பது எதையும் நான் மாணவனாகச் செய்யவில்லை. ரெசிடென்சியின் முதல் மாதத்தில் அதற்கான விலையைக் கொடுத்தேன். குடும்ப மருத்துவம் படிக்கப்போகிறவருக்கு அதே கிளினிக் பொன்னான இடமாக இருந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே இரண்டு கல்லூரிகளின் நான்காம் ஆண்டு மாணவர்களையும் பிடித்து இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். உள்மருத்துவம், அறுவை, குழந்தை மருத்துவம் மூன்றையும் எங்கே படித்தார்கள்? அங்கே ரெசிடென்டுகள் இருந்தார்களா? இடத்தைக் கல்லூரி ஒதுக்கியதா, மாணவரே மின்னஞ்சல் அனுப்பித் தேடினாரா? இரண்டு ஆண்டில் எத்தனை முறை வீடு மாறினார்கள், வாடகையை யார் கொடுத்தார்கள்? சேர்க்கை அலுவலகத்தைக் கேட்டால் வண்ணப் புத்தகத்தைத்தான் கொடுப்பார்கள்.

மீனலோசனி எழுதியது:

தம்பி, இதை யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. நேர்காணலுக்குப் போனபோது கட்டடத்தையும் உடற்கூறு ஆய்வகத்தையும் சுற்றிக் காட்டினார்கள். கேள்வி கேட்கத் தோன்றவில்லை. மகளிடம் உங்கள் பதிவை அப்படியே படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

மணற்கேணி எழுதியது:

அக்கா, நான் பிராடென்டனில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கட்டணத்தை மட்டும் பார்த்து இங்கே வராதீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறேன், ஆனால் இது எல்லோருக்கும் ஒத்துவராது.

இந்த வளாகத்தில் விரிவுரை மிகக் குறைவு. தொடக்கத்தில் உடற்கூறியல் பாடம் நடத்துவார்கள். அதன் பிறகு எட்டுப் பேர் கொண்ட சிறு குழுவாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் கதையைப் பிரிப்போம். 54 வயதுப் பெண், மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது என்று தொடங்கும். என்ன பரிசோதனை வேண்டும் என்று நாங்கள் கேட்டால்தான் அடுத்த தகவல் வரும். பக்கத்தில் ஆசிரியர் இருப்பார், ஆனால் சொல்லித்தர மாட்டார். இந்த நோயாளிக்காகப் பாடநூலில் எந்த அத்தியாயங்களைப் படிக்க வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்வோம். தேர்வு அந்த அத்தியாயங்களிலிருந்து வரும். புத்தகத்தை எடுத்து மூலையில் உட்கார்ந்து தானே படிக்கிற பிள்ளைக்கு இது சொர்க்கம். நடத்துகிறவர் முன்னால் நின்று நடத்தினால்தான் மனத்தில் ஏறும் என்பவர்கள் முதல் சில மாதங்களில் திண்டாடிப் போகிறார்கள்.

உடை ஒழுங்கு உண்டு. டி-ஷர்ட்டில் வகுப்புக்குப் போக முடியாது. எனக்கு அது ஒரு பொருட்டில்லை. திருச்சியில் கான்வென்ட்டில் படித்து வளர்ந்தவள் நான். கார் இல்லாமல் இந்த ஊரில் ஒன்றும் நடக்காது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு எங்கே என்பது எனக்கே இனிமேல்தான் தெரியும். ஃபுளோரிடாவுக்குள் கிடைக்கலாம், வெளியேயும் போகலாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், பணத்தை யாராவது பேச வேண்டுமே. முதலில் ஒரு கேள்வி: மகள் அமெரிக்கக் குடிமகளா? பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கூட்டாட்சி அரசின் கல்விக் கடனே கிடையாது. 21 வயது ஆனால் அந்த விசாவும் போய்விடும். அவர்களுக்குக் கணக்கே வேறு.

மீனலோசனி எழுதியது:

இங்கே பிறந்தவள்தான், அண்ணா. இளங்கலைக்கு அரசுக் கடன் கொஞ்சம் வாங்கியிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்லது. இப்போது கவனமாகக் கேளுங்கள். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு, முழுச் செலவுக்கும் அரசே கடன் தரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் அந்தக் காலம் முடிந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, அப்படி முழுச் செலவுக்கும் அரசு தந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர். அதற்கு மேல் அரசு ஒரு காசு தராது. இளங்கலைக் கடனையும் சேர்த்து வாழ்நாள் உச்சவரம்பு 257,500. ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. உங்கள் மகள் புதிய படிப்பில் சேர்வதால் புதிய விதிதான்.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். ஃபிலடெல்ஃபியாவில் கட்டணம் 60,000 சுமார், வாடகையும் சாப்பாடும் மற்றதும் 30,000 என்றால் 90,000. அரசுக் கடன் போகத் துண்டு விழுவது ஆண்டுக்கு 40,000, நான்கு ஆண்டில் 160,000. பிராடென்டனில் 40,000 கட்டணம், 30,000 செலவு, மொத்தம் 70,000. துண்டு 20,000, நான்கு ஆண்டில் 80,000. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், அதை விட்டுவிட்டேன்.

வித்தியாசம் 80,000 என்று மட்டும் பார்க்காதீர்கள். துண்டு விழும் தொகையைத் தனியார் வங்கியில்தான் வாங்க வேண்டும். நீங்களோ உங்கள் கணவரோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். லாப நோக்கற்ற மருத்துவமனையில் பத்து ஆண்டு பணி செய்தால் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அரசுத் திட்டம் இருக்கிறது. ரெசிடென்சி ஆண்டுகளும் அதில் சேரும். குழந்தை மருத்துவருக்கு அது பெரிய வரம், ஏனென்றால் அந்தத் துறையில் சம்பளம் குறைவு. ஆனால் தனியார் கடனுக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. அரசுக் கடனும் வங்கிக் கடனும் ஒரே டாலர் என்று நினைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை.

ராணுவ உதவித்தொகைத் திட்டத்தில் டி.ஓ. மாணவர்களும் சேரலாம். கட்டணம் முழுவதையும் அவர்களே கட்டி, மாத உதவித்தொகையும் தருவார்கள். பிறகு ஓர் ஆண்டுக்கு ஓர் ஆண்டு என்று பணி செய்ய வேண்டும். நம் வீட்டு அம்மாக்கள் அதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் விரிவாக எழுதவில்லை.

மீனலோசனி எழுதியது:

நானும் எழுந்து போய்விட்டேன் அண்ணா :) ஆனால் உங்கள் கணக்கைப் பார்த்துக் கணவர் அசந்துபோனார். கிராட் பிளஸை நம்பித்தான் இருந்தோம்.

ஒரு விஷயம். என் தங்கை செர்ரி ஹில்லில் இருக்கிறாள். மாடியில் ஓர் அறை காலியாகத்தான் கிடக்கிறது. அங்கிருந்து டெலவேர் ஆற்றைத் தாண்டினால் ஃபிலடெல்ஃபியா. மகள் அங்கே தங்கினால் கணக்கு மாறுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா தாயே, இதைக் கடைசியிலா சொல்வது! மாறாமல் என்ன? வாடகையும் சாப்பாடும் போனால் காப்பீடு, கார், புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று ஆண்டுக்கு 12,000 வைத்துக்கொள்வோம். 72,000. துண்டு 22,000தான். பிராடென்டனுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

கொள்ளிடக்கரை எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணா, ஒரு திருத்தம். சித்தி வீட்டுக் கணக்கு முதல் இரண்டு ஆண்டுக்குத்தான் உறுதி. மூன்றாம் ஆண்டில் எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாமல் நான்கு ஆண்டுக்கும் போடாதீர்கள். ஃபிலடெல்ஃபியா ஒரே நகரத்தில் பென், ஜெஃபர்சன், டெம்பிள், டிரெக்சல், இந்தக் கல்லூரி என்று ஐந்து மருத்துவக் கல்லூரிகள். எல்லோருக்கும் அதே வார்டுகள்தான் வேண்டும். நகரத்துக்குள்ளேயே எல்லாச் சுழற்சியும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி, ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு ஆண்டு சித்தி வீடு, இரண்டு ஆண்டு வெளியே என்றால் மிச்சம் 36,000. அப்போது ஃபிலடெல்ஃபியா 44,000 டாலர் அதிகம், அதுவும் வங்கிக் கடனாக. அந்த 44,000க்கு என்ன வாங்குகிறோம் என்பதுதான் இனிக் கேள்வி.

பழைய டாக்டர் எழுதியது:

அதற்கு நான் பதில் சொல்கிறேன். 1899இலிருந்து மருத்துவர்களை அனுப்பிவரும் கல்லூரி என்றால் பென்சில்வேனியா, நியூ ஜெர்சி மருத்துவமனைகளில் எங்கே போனாலும் அதன் பழைய மாணவர் ஒருவர் இருப்பார். நான்காம் ஆண்டில் ஒரு மாதம் உங்களோடு வேலை செய்து காட்டுகிறேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரெசிடென்சி இடங்களுக்குப் போவார்கள். அந்தக் கதவைத் தட்டும்போது இது உதவும். பெண் கிழக்குக் கரையிலேயே வாழ நினைத்தால் இதற்கு மதிப்பு உண்டு. ஃபுளோரிடாவிலோ வேறெங்கோ வாழ்ந்தால் என்ன என்று நினைப்பவளாக இருந்தால் அந்த 44,000 வீண்.

நகரத்துப் பெரிய மருத்துவமனை என்றால் நிலையானது என்ற எண்ணமும் வேண்டாம். அதே ஃபிலடெல்ஃபியாவில் ஹானிமன் பல்கலைக்கழக மருத்துவமனை 2019இல் திவாலாகி மூடப்பட்டது. 570க்கும் மேற்பட்ட ரெசிடென்டுகள் ஒரே கோடையில் வேறு இடம் தேடி அலைந்தார்கள். டிரெக்சலின் எம்.டி. மாணவர்கள் படித்த முதன்மை மருத்துவமனை அது. எம்.டி. கல்லூரி என்பதால் அந்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பாதுகாப்பு ஒன்றும் இருக்கவில்லை, சந்தேகசாமி.

சந்தேகசாமி எழுதியது:

நான் ஒன்றுமே சொல்லவில்லையே ஐயா!

ஆனால் ஒன்று மட்டும். கையால் நீவும் வைத்தியம் நிஜமாகவே பாடத்தில் உண்டா, இல்லையா?

கொள்ளிடக்கரை எழுதியது:

உண்டு. எல்லா டி.ஓ. கல்லூரியிலும் கட்டாயம், 200 மணி நேரம் அளவில் வரும். தசை, மூட்டுப் பகுதி எனக்கு இன்றும் பயன்படுகிறது. நாள் முழுவதும் படுக்கையில் கிடக்கும் நோயாளியின் முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் கையை வைத்துப் பார்க்கிறேன். மண்டையோட்டு எலும்புகளை மென்மையாக அசைப்பதாகச் சொல்லும் பகுதியை நான் நம்பவில்லை. தேர்வுக்குப் படித்தேன், எழுதினேன், மறந்துவிட்டேன். வகுப்பில் பலரும் அப்படித்தான்.

மீனலோசனி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் இரண்டு கல்லூரிகளிலும் நான்காம் ஆண்டு மாணவர்கள் சிலரைத் தேடிப் பேசினாள். அவர்கள் தனிப்பட்ட முறையில் சொன்னவற்றை இங்கே எழுதுவது முறையில்லை. ஒரே கல்லூரியில் படித்த இருவரின் மூன்றாம் ஆண்டு, இரண்டு வெவ்வேறு கல்லூரிகளில் படித்தது போல இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கொள்ளிடக்கரை தம்பி சொன்ன கேள்விகளை அச்செடுத்து வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

மணற்கேணியின் பதிவுதான் அவளை முடிவெடுக்க வைத்தது. “அம்மா, யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் எனக்கு ஏறும். எட்டுப் பேர் குழுவில் உட்கார்ந்தால் நான் வாயே திறக்க மாட்டேன்” என்றாள். பள்ளியிலும் அப்படித்தான் இருந்தாள், எனக்குத் தெரியும். அவள் அப்பா, நோயாளியிடம் வாய் திறக்கத்தானே வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்விதான். அதற்கு இருவருக்கும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாக்குவாதம் நடந்தது, வென்றது மகள்.

ஃபிலடெல்ஃபியாவுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். இதில் இன்னொரு வசதி இருப்பதைக் கணவர்தான் கவனித்தார். ரோவன்-வர்ச்சுவா இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டும் செர்ரி ஹில்லிலிருந்து பக்கம்தான். காத்திருப்புப் பட்டியல் நகர்ந்து அங்கிருந்து அழைப்பு வந்தால், சித்தி வீட்டு அறை அப்படியே இருக்கும், கட்டணமும் குறையும். வராவிட்டால் ஆற்றைத் தாண்டிப் போகட்டும். தங்கை இப்போதே அறைக்கு வண்ணம் அடிக்கத் தொடங்கிவிட்டாள். வாடகை பற்றிப் பேசினால் கோபித்துக்கொள்கிறாள், அதை எப்படிச் சமாளிப்பது என்றுதான் தெரியவில்லை.

பழைய டாக்டர் எழுதியது:

வாடகை கொடுக்காதீர்கள், கோபம் நியாயமானது. வீட்டுக்கு வேண்டிய மளிகையை மாதாமாதம் வாங்கிப் போடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் கல்லூரிக்கு, இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், நான் இந்த மாநிலத்துப் பெண் என்று ஒரு சிறு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். மே, ஜூன் மாதங்களில் நிறைய நகரும்.

மணற்கேணி எழுதியது:

சரியான முடிவு அக்கா. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

அரிசிக்கடை அம்மா எழுதியது:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். என் மகனுக்கு டெமாயினிலும் கான்சஸ் சிட்டியிலும் கிடைத்திருக்கிறது. எது நல்லது? அவனுக்கு எலும்பு அறுவை மருத்துவம் மட்டும்தான் வேண்டுமாம்.

நிர்வாகி எழுதியது:

அரிசிக்கடை அம்மா, தயவுசெய்து புதிய இழை ஒன்று தொடங்குங்கள். மகனின் மாநிலம், குடியுரிமை, இளங்கலைக் கடன் ஆகிய மூன்றையும் முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள்; கணக்குப்பிள்ளைக்கு வேலை மிச்சம்.